ஊட்டிக்குப் போட்டியா ஏறின மலை

அறுபதுகளோட ஆரம்பம். எனக்குக் கல்யாணமாகி அஞ்சு வருசம், பொண்ணுக்கு மூணரை வயசு. நாமக்கல்லுல குடியிருந்தோம். அந்தக் கோடை லீவுல என் நாத்தனார் குடும்பத்தோட ஊட்டிக்குப் போய்ட்டு வந்தாங்க. வந்தவங்க ஒரு மாசத்துக்கு வேற பேச்சே பேசலை. குளிர் அப்படி, பூ இப்படி, படகு அப்படின்னு. கடைசியில "உனக்கெல்லாம் இதைச் சொன்னா எங்க புரியப் போகுது"ன்னு ஒரு இழுப்பு வேற. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

எங்களுக்கு ஊட்டி கட்டுப்படியாகாது. ஆனா மொட்டை மாடியில நின்னாத் தெரியற கொல்லிமலை இருக்கில்ல? அங்கயும் குளிர் உண்டு, அருவி உண்டு. போயே தீரணும்னு சொல்லிட்டேன். நான் சொன்னாச் சொன்னதுதான், எங்க ஊட்டுக்காரருக்கு அது கல்யாணமான மறுவாரமே தெரிஞ்சுபோச்சு. அவர் ஆபீஸ்ல ஒருத்தர், மலைமேல எந்த ஊருக்குப் போனாலும் தங்க இடம் குடுப்பாங்க, தங்கமான சனம்னு சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் ரெண்டு நாள் லீவு போட்டுக் கிளம்பினோம்.

அப்ப மலைக்கு பஸ் கிடையாது. முதல் பஸ்ல அடிவாரம் வந்து, அங்கிருந்து நடை. பொண்ணை அவர் தோள்ல ஏத்திக்கிட்டார். புளிச்சோத்துத் தூக்குப்போசி என் கையில. பாதி மலையில என் புதுச்செருப்போட வார் அறுந்து போச்சு. அதுக்கு மேல ஒரே மூடுபனி. எதிர்ல வர்ற ஆளே தெரியலை, அருவி எங்க தெரியப் போகுது? ஒரு பாறையில வழுக்கி அவருக்கு முழங்கால் பிசகிருச்சு. நான் வாயே திறக்கலை. திறந்தா நாத்தனார் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.

பதினோரு மணி வாக்குல மேல ஒரு ஊரோட எல்லைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழிக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்துச்சு. அதுக்கு உள்பக்கம் மஞ்ச வேட்டியோட ஒருத்தர் நின்னுட்டிருந்தார், முப்பது முப்பத்தஞ்சு வயசிருக்கும். மணிக்கட்டுல காப்புக்கயிறு. மாரியம்மன் திருவிழா, நாங்க நோம்பின்னு சொல்வோம். அதை ஊருக்குச் சாட்டி அறிவிச்சு, முந்தின நாள்தான் காப்பு கட்டினாங்களாம். "உள்ள வந்து ராத்தங்கினா நோம்பி முடியற வரைக்கும் எட்டு நாளும் இங்கயே இருக்கோணுமுங்க. நடுவுல எல்லை தாண்டி வெளியூர்ல தங்கக் கூடாது. இருக்கறதுன்னா வாங்க, எங்களுக்குச் சந்தோசம்"னார்.

எங்களுக்கு இருந்ததோ ரெண்டு நாள் லீவு. இந்த வழக்கம் எங்க பக்கமும் உண்டு. எனக்குத் தெரியாதது இல்லை. ஆனா கோவத்துல நியாயம் எங்க கண்ணுக்குத் தெரியும்? இத்தனை தூரம் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஏறி வந்தவங்களை வாசல்ல நிறுத்தற சனமும் ஒரு சனமான்னு அந்த மஞ்ச வேட்டிக்காரர் காதுல விழற மாதிரியே சொன்னேன். அவர் ஊருக்குள்ள திரும்பிக் குரல் குடுத்தார். கொஞ்ச நேரத்துல அவர் சம்சாரம் ஒரு சொம்புல மோர் கொண்டுவந்து தோரணத்துக்கு அந்தப் பக்கம் இருந்தே நீட்டினாங்க. வேண்டாம்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். அப்படி ஒரு திமிர் எனக்கு.

எல்லைக்கு வெளியே ஒரு வேலியோரம் மரத்தடியில உக்காந்து தூக்குப்போசியைத் திறந்தோம். அங்கதான் எங்க ஊட்டுக்காரர் முதல் தடவையா வாயைத் திறந்தார். "குழந்தையை வெச்சுக்கிட்டு மலை வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்." அவ்வளவுதான். அவர் ஒண்ணு சொல்ல நான் ஒம்பது சொல்ல, ஆளுக்கொரு திசை பார்த்து உக்காந்துட்டோம். பொண்ணு வேலிகிட்ட என்னமோ பொறுக்கி விளையாடிட்டிருந்தா. சத்தமில்லாம இருக்காளே, அது போதும்னு விட்டுட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு வாந்தி எடுக்க ஆரம்பிச்சா. நிக்கவே இல்லை. வயிறும் போயிருச்சு. அப்புறம் வாந்தி எடுக்கவும் தெம்பில்லாம என் மடியில துவண்டுட்டா, கண்ணு செருகுது. அப்பத்தான் அவ பாவாடையில ஒட்டிட்டிருந்த ஏதோ கொட்டைத் தோலைப் பார்த்தேன். நான் போட்ட கூச்சல்ல ஊரே எல்லைக்கு வந்துருச்சு. மஞ்ச வேட்டிக்காரர் அந்தத் தோலை எடுத்துப் பார்த்துட்டு, "காட்டாமணக்குக் கொட்டைங்க. நெறையாத் தின்னுட்டாளாட்டம் இருக்குது. கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரோணும்"னார். எங்க ஊட்டுக்காரருக்கு முழங்கால் வீங்கி நிக்கவே முடியலை. நான் தூக்கிட்டு ஓடினா ரெண்டு வளைவு தாண்டமாட்டேன்.

"நான் கொண்டுபோறனுங்க"ன்னு மஞ்ச வேட்டிக்காரர் சொன்னதும், பக்கத்துல இருந்த ஊர்ப் பெரியவர் கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். இப்பக் கிளம்பினா இருட்டுக்குள்ள திரும்பி வர முடியாது, ராத்திரி கீழ தங்கிட்டா இந்த வருசம் நீ தீச்சட்டி தொடக் கூடாது, தெரியுமில்லன்னு கேட்டார். கூட்டத்துல ஒரு அம்மா எனக்கு விவரம் சொன்னாங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் ஏழு வருசமாக் குழந்தை இல்லை. தீச்சட்டி எடுக்கறதா வேண்டிக்கிட்டு ஒரு மாசமா விரதம் இருக்காங்க.

அவர் தன் சம்சாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். காலையில நான் மோரைத் திருப்பி அனுப்பின அதே பொண்ணு. வேண்டாம்னு அவங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும், என் குழந்தை போயிருக்கும். அவங்களோ தன் தோள்ல கிடந்த கம்பளியை எடுத்து அவர் கையில குடுத்துட்டு, "நோம்பி அடுத்த வருசமும் வருமுங்க. இந்தக் கண்ணு வருமா? பொறப்படுங்க"ன்னாங்க.

பெரியவர் பிடிச்ச கையை விட்டார். அப்புறம் அவரே தோரணத்தைத் தூக்கிப் பிடிச்சு வழி விட்டார்.

கம்பளியில பொண்ணை முதுகோட கட்டிக்கிட்டு அவர் இறங்கின வேகம் இருக்கே, மலையில பொறந்தவங்களுக்குத்தான் அது வரும். நான் வெறுங்காலோட பின்னால ஓடினேன். விழுந்தேன், எந்திரிச்சேன். என் குழந்தை தலை என் கண்ணை விட்டு மறையக் கூடாதுன்னு ஒரே வைராக்கியம். ஓடை வந்த இடத்துல எல்லாம் நின்னு, துணியை நனைச்சு அவ உதட்டுல பிழிஞ்சுட்டு மறுபடியும் இறங்கினார். அடிவாரத்துல ஒரு மாட்டுவண்டி கிடைச்சுது. ஆஸ்பத்திரியில ஊசி போட்டு குளுக்கோஸ் ஏத்தினாங்க. விளக்கு வைக்கற நேரத்துக்கு என் பொண்ணு கண்ணு முழிச்சு, "அம்மா, தண்ணி"ன்னா. நான் வெளியே ஓடிவந்து அவர்கிட்டச் சொன்னேன். படியில உக்காந்திருந்தவர் காப்புக்கயிறைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டார். நான் அங்கயே தரையில உக்காந்து அழுதேன்.

காலையில பார்த்தா ஆளைக் காணோம். கம்பளி மட்டும் பொண்ணு மேல போர்த்தியிருந்துச்சு.

முழங்கால் வீங்கின எங்க ஊட்டுக்காரரை எல்லைக்கு வெளியவே ஒரு குடிசையில தங்க வெச்சு, மறுநாள் ஊர்க்காரங்க தூக்கிட்டு வந்து விட்டாங்க. அந்தக் கம்பளியை வெளுத்து மடிச்சு வெச்சேன். அடுத்த வருசம் நோம்பிக்கு நான் மேல போறேன், காப்பு கட்டறதுக்கு முந்தியே போயி எட்டு நாளும் இருக்கப் போறேன்னு ஊட்டுல சொல்லிட்டேன். பட்டது போதாதான்னு மாமியார் கேட்டாங்க. நாத்தனார் சிரிச்சாங்க. சிரிச்சா சிரிச்சுக்கட்டும். எங்க ஊட்டுக்காரர் மட்டும் எட்டு நாள் லீவு எழுதிக் குடுத்தார். மூணு பேரும் போனோம். இந்தத் தடவை தோரணத்துக்கு உள்ள. போனதும் முதல் வேலையா நான் மோர் கேட்டு வாங்கிக் குடிச்சேன். அந்த அம்மா சிரிச்சுட்டாங்க.

தீச்சட்டி எடுத்த அன்னைக்கு தன் புருசன் கால்ல மஞ்சத்தண்ணி ஊத்த அந்த அம்மா என்னையும் கூப்பிட்டாங்க. குடத்துல இருந்த கடைசிச் சொட்டு வரைக்கும் ஊத்தினேன். அந்த எட்டு நாளும் வானம் துடைச்சு விட்டாப்புல இருந்துச்சு. ஆனா அருவிக்குப் போகணும்னா எல்லை தாண்டிப் போயி வழியில ராத்தங்கணுமே. போகலை.

அவங்களுக்கு அப்புறம் குழந்தை பிறந்ததான்னு கதையைக் கேட்டவங்க எல்லாரும் கேப்பாங்க. பிறந்துச்சு. ஆனா அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பேச எனக்கு வாய் வராது. பிறக்காமப் போயிருந்தாலும் அவங்க அன்னைக்குச் செஞ்சது செஞ்சதுதான்.

சுத்திப் பார்க்கறதுக்குன்னு அந்த மலைக்கு இனி ஏறமாட்டேன்னு அந்த முதல் நாளே முடிவு பண்ணினேன், இன்னைக்கு வரைக்கும் அதை மாத்திக்கலை. அருவியை நான் பார்த்ததே இல்லை, அதுல வருத்தமும் இல்லை. ஆனா இப்பவும் யாராச்சும் என்கிட்ட "முடியாதுங்க"ன்னு சொன்னா, சுள்ளுன்னு வர்ற வார்த்தையை முழுங்கிட்டு, அந்த முடியாதுக்குப் பின்னால இவங்க எதைக் காப்பாத்திக்கிட்டு நிக்கறாங்களோன்னு ஒரு நிமிசம் யோசிச்சுட்டுத்தான் வாயைத் திறக்கறேன்.