ஓடாத ரிவால்வர்

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவருடைய பீரோவைத் திறந்தேன். அதற்குமேல் இறந்தவரின் துணிகளை எங்கள் கோயில் பங்கில் யாரும் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை, இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். சட்டை பதினொன்று, வேட்டி ஒன்பது, பிரெஞ்சுப் பட்டாளத்துக் கோட்டு ஒன்று என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். கோட்டுக்கு அடியில், பழைய பனியனில் சுற்றி, ஒரு ரிவால்வர் இருந்தது.

பிரான்சில் இருக்கும் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன்.

"அதுவா? கௌபாய் துப்பாக்கி. அமெரிக்காவுல குதிரையில போறவனுங்க இடுப்புல தொங்குமே, அது. அப்பா சர்வீஸ்ல இருந்தப்ப இங்க பழைய சாமான் சந்தையில வாங்கினாரு. பெட்டியில போட்டு எடுத்தாந்துட்டாரு. நான் சின்னதுல பார்த்திருக்கேன்."

"எங்கிட்ட சொன்னதே இல்லண்ணா."

"உங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லணும்? சங்கராபரணி ஆத்துல வீசிட்டு வாடி. போலீஸு கீலீஸுன்னு வந்தா தனியா இன்னா பண்ணுவ?"

அம்மா போன பிறகு ஆறு வருடம் அந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். காலையில் காபி, மாலையில் செய்தி, இரண்டுக்கும் நடுவில் "மோட்டார் போட்டியா?", "கேஸ் வந்துச்சா?". இதைத் தவிர நாங்கள் பேசியதை யோசித்துப் பார்த்தால் ஒரு பக்கம் தேறாது. அவர் எனக்குக் காட்டாத ஒன்று இருந்தது என்பதைவிட, அண்ணனுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் உறுத்தியது.

திருபுவனைத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். கையில் எதைக் கொடுத்தாலும் அதன் குறைகளைத்தான் முதலில் பார்ப்பேன். ரிவால்வரையும் அப்படித்தான் சாப்பாட்டு மேசையில் நாளிதழ் விரித்து வைத்துப் பார்த்தேன். ஆறு அறைகளும் காலி. குண்டு எங்கும் இல்லை. குழாயின் மேல் இருந்திருக்க வேண்டிய நீலப் பூச்சு போய் சாம்பலும் பழுப்புமாக இருந்தது. முனையில் மட்டும் தோலுறையில் போய்வந்து வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. கட்டைவிரலால் இழுக்கும் சுத்தியலின் வாலில் விரல் வழுக்காமல் இருக்க வெட்டியிருந்த கோடுகள் மழுங்கி, தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தன. மூன்று திருகுகள் ஒரு வகை, நான்காவது வேறு எவனோ போட்டது. குண்டு போடும் உருளை துருவேறி இறுகி, சுற்றவேயில்லை.

பட்டறையில் தேய்மானம் என்றால் கழிவென்று சிவப்புச் சீட்டு. இதில் ஒரு தேய்மானத்துக்குக்கூட எனக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டத் தோன்றவில்லை. புதிதாக இருந்திருந்தால் பனியனில் சுற்றித் திரும்ப வைத்திருப்பேன். யாரோ தினமும் எடுத்து, தினமும் வைத்து, வெயிலிலும் மழையிலும் சுமந்து, ஒருநாளும் இதை அழகுப்பொருளாக நினைக்காமல் வாழ்ந்திருக்கிறார்கள். அந்த நினைக்காமைதான் அழகாக இருந்தது.

பிடியின் இரண்டு மரத்தகடுகளையும் வெளிச்சத்தில் திருப்பியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. இடப்பக்கம், வலக்கைக்காரனின் கட்டைவிரல் அழுந்தும் இடத்தில், ஒரு பள்ளம். அழுக்கும் எண்ணெயும் ஏறிக் கறுத்த, மிகப் பழைய பள்ளம். வலப்பக்கமும் அதே இடத்தில் ஒன்று இருந்தது. ஆழம் குறைவு, நிறம் வெளுப்பு, பின்னால் வந்தது. அப்பா இடக்கைக்காரர். பள்ளிக்கூடத்தில் அடித்துத் திருத்தியதில் சாப்பாட்டுக்கும் சிலுவை போடுவதற்கும் மட்டும் வலக்கை வந்தது. மற்றதெல்லாம் கடைசிவரை இடக்கைதான், அதில் பிடித்தால் கட்டைவிரல் விழுவது வலப்பக்கம்.

ஒரு மரத்தில் அவ்வளவு தேய்மானம் வர எத்தனை வருடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்? எந்த அறையில், நான் எங்கே இருந்தபோது? அன்றைக்கே முடிவு செய்தேன், இதை ஆற்றில் போடப்போவதில்லை, ஒளித்தும் வைக்கப்போவதில்லை. முறைப்படி என்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும்.

மதகடிப்பட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். "ரொம்பப் பழசுதானம்மா? ஸ்டேஷன்ல நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்க. சோதிச்சுப் பார்த்துட்டுக் குடுத்துருவாங்க" என்றார்.

சோதிப்பார்கள் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. பரிசோதனைக்குப் போகும் பொருள் சுத்தமாக, குறையில்லாமல் போக வேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், பூசை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெளித் தேய்மானத்தைத் தொடவில்லை. உள்ளே இருந்த துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எடுத்தேன். உருளையைத் தள்ளும் சிறு ஸ்பிரிங் உடைந்திருந்தது; இடைவெளி அளக்கும் என் பழைய ஃபீலர் கேஜின் ஒரு எஃகுத் தகட்டை வெட்டி வேறு செய்து போட்டேன். அந்த நான்கு வாரமும் வீட்டில் யாரோ இருப்பது போலிருந்தது. நான்காவது ஞாயிறு மதியம் சுத்தியலைப் பின்னால் இழுத்தேன். உருளை சுற்றி, பூட்டு விழுந்து, வரிசையாக நான்கு சொடுக்கு. தனியாகச் சிரித்தேன். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது.

காட்டிய முதல் ஆள் ஸ்டேஷனில் ஆயுதம் தெரிந்த ஏட்டையா. ஐம்பது வயதிருக்கும். அறைகளைப் பார்த்தார், வாசலில் மண்மேடு பக்கம் திருப்பிச் சுத்தியலை இழுத்தார். நான்கு சொடுக்கு. புருவம் ஏறியது.

"இன்னாமா, சூப்பரா ஓடுது! யாரு வச்சிருந்தது?"

"எங்கப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா. ஓடாமதான் சார் இருந்துச்சு. நான்தான் சரி பண்ணேன்."

"நீயா?" பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸைக் கூப்பிட்டார். "ஏம்மா, இங்க பாரு. நம்ம ஜீப்பையும் இதுகிட்ட வுட்டுடலாம் போலகீது." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "இன்னாத்துக்குமா பண்ண? துருப்பிடிச்சு கெடந்தா உபயோகமில்லாத பழம்பொருள்னு எழுதி உங்கிட்டயே குடுத்திருப்போம். ஓடாத வரைக்கும் உன்னுது. ஓடுனா எங்களுது."

அவர் நல்லவர். இரண்டு வழி சொன்னார். முறையாக எழுதிக் கொடுத்தால், ஆயுதப் பிரிவில் குழாயைத் துளைத்து, சுத்தியலை வெல்டிங் வைத்து, செத்ததாக்கித் திருப்பிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் இப்படியே ஒப்படைத்துவிட்டுப் போகலாம், போனால் திரும்பாது.

"வெல்டிங் வச்சா மரம் கருகுமே சார்?"

"கட்டையைக் கழட்டிட்டுத்தான் வைப்பாங்க. கட்டைதான் வேணும்னா இப்பவே எடுத்துக்கயேன். கட்டை துப்பாக்கி இல்லியே."

அந்தப் பெண் போலீஸ் திருப்புளி கொண்டுவந்தார். ஒரே திருகு. வலப்பக்கத் தகடு என் உள்ளங்கையில் வந்து விழுந்தது, பிஸ்கட் அளவு, எடையே இல்லை. பள்ளத்தில் என் விரலை வைத்தேன். பின்னால் இரும்பு இல்லாமல் விரல் அழுந்த இடமில்லை, நழுவியது. கையில் பிடித்து உட்கார்ந்திருக்க அதில் ஒன்றும் இல்லை. மேசைமேல் கிடந்த ரிவால்வரோ ஒரு பக்கம் எலும்பு தெரியக் கிடந்தது. அதில் துளை போட்டு வீட்டில் வைத்தால், தினமும் அந்தத் துளையைத்தான் பார்ப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

தகட்டைத் திரும்பப் பொருத்தித் திருகை முடுக்கினேன்.

"எடுத்துக்கலியா?" என்றார் பெண் போலீஸ்.

"முழுசா இருக்கட்டுங்க."

ஏட்டையா ஒப்படைப்பு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். ரிவால்வர், வெளிநாட்டுத் தயாரிப்பு, பழையது, ஒன்று. அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நிலை? நீயே சொல்லு, உன் வேலைதான."

"நல்ல நிலை" என்றேன்.

எழுதிக்கொண்டு புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.