டேவிட் கொண்டுவந்த ஐஸ் பெட்டி

சபையாரே, என் வீட்டுக்காரர் ஸ்டீபன் வாய்வழியாக ரத்தத்தைக் கொட்டினதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதனால்தான் எழுந்து பேசுகிறேன்.

போன வருஷம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. தீவில், கெலுகோரில் இருக்கிற எங்கள் வீட்டில் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். திடீரென்று மேசை, சுவர், என் சேலை எல்லாம் ரத்தம். அவருக்குப் பிறவியிலேயே ஹீமோபீலியா. ரத்தம் சீக்கிரம் உறையாது. மூட்டில் ரத்தம் கட்டும், ஊசி போடுவோம், அடங்கும். வயிற்றுக்குள் இப்படி உடைந்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு தடுமாறிவிட்டது. கையில் குத்தியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தார். பிடிக்கப் போன என்னை ஓங்கி அறைந்தார். கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். திரும்பவும் கொட்டினார்.

வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றுப் புண்ணை அடைக்கணும், அதற்கு முன்னால் ரத்தத்தை உறையவைக்கிற மருந்து ஏற்றணும், இங்கே இருப்பது போதாது, வெளியிலிருந்து வர நேரமாகும் என்றார் டாக்டர். குடும்பத்தில் வேறு யாராவது அந்த மருந்தை வீட்டில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலில் இருக்கிற அவர் தம்பி டேவிட்டிடம். அவனுக்கும் அதே வியாதி. ஆனால் அப்பா வீட்டுக்காக நடந்த சண்டையில் என் வீட்டுக்காரர் அவனைக் கீழே தள்ளி முழங்காலில் மிதித்திருக்கிறார். உள்ளே ரத்தம் கட்டி அந்தக் கால் கோணிப்போனது. அதோடு பேச்சு வார்த்தையே இல்லை.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சுவரைக் குத்திக் குத்தி ஜெபித்தேன். நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, அவன் மனசை உடைங்க, இல்லன்னா என்னையும் கொன்னுடுங்க" என்று கத்தினேன். பிறகுதான் போன் போட்டேன்.

டேவிட் எல்லாவற்றையும் கேட்டான். பட்டென்று போனை வைத்துவிட்டான். என் தாலி போச்சு என்று நினைத்தேன்.

வந்தான். தானே காடி ஓட்டிப் பாலத்தைக் கடந்து, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். தனக்கென்று வைத்திருந்த மருந்து முழுவதும் அதில்.

"ரத்தம் நிக்காம நானும் கெடந்திருக்கேன் அண்ணி. அது யாருக்கும் வேணாம் லா," என்றான்.

டாக்டர் மருந்தைச் சரிபார்த்து ஏற்றினார். குழாய் விட்டு, வெடித்த புண்ணை அடைத்தார்கள். சாயங்காலம் ரத்தம் நின்றது. கண் திறந்த ஸ்டீபன் தம்பியைப் பார்த்தார். அந்த முழங்கால்மேல் கையை வைத்து அழுதார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் யார்மேலும் கை ஓங்கினதில்லை. ஸ்தோத்திரம்.

உங்களுக்கும் கூப்பிடக் கூசுகிற ஒருவர் இருப்பார். அழகாக ஜெபிக்க வரவில்லையே என்று நிற்காதீர்கள். கத்திக் கதறியாவது ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுப் போனை எடுங்கள்.