ஐந்தாவது ரிப்பன்

"ஒண்ணு, ரெண்டு, மூணு… இஸ்திரிப் பெட்டியோடது எங்கேங்க?"

செருப்பை மாட்டியாகிவிட்டது, பையும் தோளில் ஏறிவிட்டது. ஆனாலும் மேடம் வாசலைத் தாண்ட மாட்டார். சமையல் கேஸை மூடினால் அதில் கட்டிய சிவப்பு ரிப்பன் கைக்கு வர வேண்டும்; இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கினால் அதனுடையது. ஒன்று குறைந்தாலும் வண்டி நகராது. "கல்யாணத்தன்னைக்கே என் கையிலயும் ஒண்ணு கட்டப் பாத்தா. நான்தான் எப்படியோ தப்பிச்சேன்" என்பார் கணவர், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.

எல்லாம் தொழில்புத்தி. இருபத்தாறு வருஷமாக ராக்கெட்டின் எரிபொருள் குழாய்களோடு குடித்தனம் நடத்துகிறவர் மேடம். பறக்கும் முன் கழற்றியே ஆகவேண்டிய மூடி, ஊசி எதுவானாலும் அதில் ஒரு சிவப்பு ரிப்பன் தொங்கும். கழற்றிய ரிப்பனெல்லாம் ஒருவர் கைக்கு வந்து எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குழாய் மூடியைக் கழற்றாமல் விட்டுவிட்டார். எத்தனையோ படிப்பாளிகள் அந்தப் பக்கம் போனார்கள், வந்தார்கள். "இது இங்கேயே தொங்கணுமா பாப்பா?" என்று கேட்டதென்னவோ தரை துடைக்க வந்த அக்காதான். அதைச் சொல்லும்போது மேடத்துக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. "கேள்வி கேக்கப் பதவி எதுக்கு? கண்ணு இருந்தா போதும்."

அந்த அக்காவின் கேள்விதான் அவரைச் சனிக்கிழமை தவறாமல், பிள்ளைகளோடு பாட்டில் ராக்கெட் செய்ய, பள்ளிக்கூடத்து மாடி மூலை அறைக்கு இழுத்துவருகிறது. காலி சோடா பாட்டில், சைக்கிள் பம்பு, கிழிந்த குடைத்துணி, காது கிழிகிற கூச்சல். 'வாயை மூடு' என்று அவர் யாரையும் சொன்னதில்லை. தலைமையாசிரியைக்கு அதுவே தலைவலி.

போன வாரம் தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். "ராக்கெட் ஒழுங்கா மேலே போகணும், ஒழுங்கா கீழே வரணும். இல்லேன்னா திங்கக்கிழமை உடைஞ்ச பெஞ்செல்லாம் அந்த ரூமுக்கு வந்துடும்." அறை போனால் சனிக்கிழமையும் போச்சு.

இந்தச் சனிக்கிழமை மைதானத்தில் பாட்டில் ராக்கெட் தயார். உள்ளே கால்வாசி தண்ணீர், மீதியெல்லாம் பம்பால் அடைத்த காற்று. உச்சியில் ஒரு கூம்பு மூடி, அதற்குள் குடைத்துணியில் தைத்த பாராசூட். மொத்தம் ஐந்து ரிப்பன். எண்ணுகிற பொறுப்பு சுருட்டைமுடிக்கு. வகுப்பிலேயே வாய் திறக்காத ஒரே பெண் அவள். "கூம்பை மட்டும் நானே பாத்துக்கறேன்" என்று படபடப்பில் சொல்லிக்கொண்டார் மேடம்.

"அஞ்சு! நாலு! மூணு!"

"நிறுத்துங்க!"

சுருட்டைமுடிதான். இவளுக்கு இவ்வளவு பெரிய குரலா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நாலுதான் இருக்கு மேடம்."

"எங்கேயாவது விழுந்திருக்கும்மா. நேரமாகுதில்ல?" என்றார் தலைமையாசிரியை.

"அஞ்சு வரணும்." நீட்டிய கையை அவள் மடக்கவே இல்லை.

காற்றை இறக்கச் சொல்லிவிட்டு மேடம் கிட்டே போனார். கூம்பின் பூட்டு ஊசியில் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது ஐந்தாவது ரிப்பன். அப்படியே போயிருந்தால் பாராசூட் திறந்திருக்காது. பாட்டில் நேரே யார் மண்டையிலாவது இறங்கியிருக்கும். மற்றவர்களெல்லாம் தூரத்தில் நின்றார்கள். கைக்குள் சுருட்டிக்கொண்டு, கீழே கிடந்தது என்று சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு கணம் மேடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஊசியை உருவி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"தப்பு என்னுது! இருபத்தாறு வருஷ சர்வீஸ், லட்சணத்தைப் பாருங்க!"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும்தான். மறுபடியும் பம்பு, மறுபடியும் எண்ணிக்கை, ஐந்தும் சரி. சரேலென்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு பாட்டில் கிளம்பியது. உச்சியில் குடைத்துணி விரிந்ததும், "அய்யய்யோ, திறந்துடுச்சு! திறந்துடுச்சு!" என்று முதலில் குதித்தது நனைந்த புடவையோடு நின்ற தலைமையாசிரியை. "பெஞ்சை வேற எங்கேயாவது போட்டுக்கறேன், போங்க" என்று அறைச் சாவியை மேடத்தின் கையில் திணித்துவிட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் ராக்கெட் விழுந்த பக்கம் ஓடினார்.

மேடம் ஓடவில்லை. பைக்குள் துழாவி இன்னொரு ரிப்பனை எடுத்துச் சுருட்டைமுடியிடம் கொடுத்தார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து ஆறு எண்ணணும், சரியா?"

சொல்லிவிட்டு வளையலை மேலே தள்ளி, தன் மணிக்கட்டை அவள் முன்னால் நீட்டினார்.