மாஸ்டருக்கு ஆகாத சொல்

வெளிப்படை என்ற சொல்லுக்கு அகராதிகள் என்னென்னவோ பொருள் சொல்லலாம். தையல்கடை மாஸ்டருக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான்: அடி விழப்போகிறது, எதையாவது பிடித்துக்கொள். வீட்டுக்காரர் 'வெளிப்படையா சொல்றேன்' என்று ஆரம்பித்த மாதமே வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. பெண் பார்க்கப் போன அன்று மாமனார், வெளிப்படையாகச் சொன்னால் பெண்ணுக்குச் சமையல் வராது என்றார். அடக்கத்துக்குச் சொல்கிறார் என்று நம்பியது மாஸ்டரின் தவறு.

அவர் வாயால் அந்தச் சொல்லைத் தொட்டதில்லை. வெளிப்படையாகச் சொல்லுங்கள், நான் பெருத்துவிட்டேனா என்று கேட்கிறவர்களிடமெல்லாம், துணி சுருங்குகிற ரகம் என்று சொல்லியே தலை நரைக்கும்வரை கடையை ஓட்டிவிட்டார்.

அப்படிப்பட்டவரிடம், அவர் வெட்டித் தருவதைத் தைக்கும் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு, "மாமா, உங்ககிட்ட வெளிப்படையா ஒண்ணு பேசணும்" என்றான்.

மாஸ்டருக்கு வெளியே அவசர வேலை வந்துவிட்டது. மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள் வேலை எதுவும் தோன்றாததால் கழிவறையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இடையில் துப்பும் துலக்கினார். மச்சானின் மெஷினடியில் ஒரு பை. பைக்குள், வாடிக்கையாளர்கள் தைக்கக் கொடுத்த அதே ரகங்களில் புதுத் துணித் துண்டுகள். விளங்கிவிட்டது. பயல் தனிக்கடை போடுகிறான். அவன் போனால் தைக்க ஆளில்லை, ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். மனைவியிடம் புலம்பினார். தன் தம்பிக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் சந்தோஷம்தான் என்றாள் அவள். சரி, இவளும் கூட்டு.

மறுநாள் பையை எடுத்து வெட்டு மேசைமேல் கொட்டினார்.

"கடைக்கு என்ன பேருடா வைக்கப்போற?"

"எந்தக் கடைக்கு?"

"நடிக்காத. இதெல்லாம் எதுக்கு?"

மாஸ்டர் அன்று காலை வெட்டிய சட்டைக் கைகள் இரண்டையும் மச்சான் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தான்.

"ரெண்டும் இடது கை, மாமா. துணியில மேல்பக்கம் எது, உள்பக்கம் எதுன்னு உங்களுக்குத் தெரிய மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே இப்படித்தான். அதான் நானே துணி வாங்கி, வேற கை வெட்டித் தச்சிட்டிருக்கேன். டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்க."

இவனே மாற்றி வைத்திருப்பான் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. அவனைக் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, சாக்பீஸால் கோடு போட்டுத் தானே ஒரு ஜோடி வெட்டினார். மறுபடியும் இரண்டு இடது கைகள் பிறந்தன.

டாக்டர் கண்ணில் புரை என்றார். இன்னொரு டாக்டரும் அதையே சொன்னபிறகுதான் மாஸ்டர் கடைக்குத் திரும்பினார். யாரையும் தொடவிடாத கத்தரியை மச்சான் பக்கம் நகர்த்தினார்.

"புரை எடுக்கிற வரைக்கும்தான். தெரியுதா?"

மச்சான் வெட்டினான். மாஸ்டர் பக்கத்திலேயே நின்று, தெரியாத கண்ணை இடுக்கி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக ஏமாற்றாதவன் எப்போது ஆரம்பிப்பான் என்று யார் கண்டது?