முன்பக்கத்தில் குறை எழுதுகிறவள்

அ-லுவான் குனிந்து எச்சில் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைக்காரர் வாசலில் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அவளோ பின்கட்டில், கழுவும் தொட்டியருகே. சாப்பிட்டவர்கள் எதை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று பார்க்காமல் எந்தச் சாப்பாட்டுக் கடைக்கும் அவள் இணையதளம் செய்து கொடுப்பதில்லை. "கடைக்காரரைக் கேட்டா எல்லாமே பிரமாதம்பார், பெரியம்மா. கிண்ணத்தப் பாத்தாத்தானே தெரியுது, அந்த இறால் உருண்டைய ஒருத்தனும் தொடலைன்னு."

அவள் என் ஓரகத்தியின் மூத்த மகள். நாற்பத்தெட்டு வயது. தைபெயில் ஏதோ ஒரு விளம்பரக் கம்பெனியில் பதினோரு வருடம் இருந்தாள். திறந்து இரண்டு மாதமே ஆன ஒரு நூடுல்ஸ் கடைக்கு 'மூன்று தலைமுறைச் சுவை' என்று எழுதச் சொன்னார்களாம். "எந்த மூணு பேரு? பேரைச் சொல்லுங்க, எழுதறேன்" என்று கேட்டிருக்கிறாள். மேலாளர் சிரித்திருக்கிறார். அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் தைனானுக்கு வந்துவிட்டாள். இப்போது ஊதுவத்திக் கடை மாடியில் ஒரு மேசை, இரண்டு திரை, ஒரு மின்விசிறி. அவளிடமிருந்து வரும் காகிதமெல்லாம் ஊதுவத்தி மணக்கும்.

அவள் செய்த பக்கங்களை எங்கள் தெருவில் யார் காட்டினாலும் அடையாளம் தெரியும். எழுத்து பெரிதாக இருக்கும், கண்ணாடியைத் தேட வேண்டாம். படங்களில் ஆவி பறக்காது. வேறெங்கோ எடுத்த படத்தை ஒட்டமாட்டாள். காலை ஆறரைக்கு வாசல் வெளிச்சத்தில் தானே எடுப்பாள். எல்லாவற்றையும்விட, அந்தக் கடையின் குறையை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுவாள். சாக்கடை அடைப்பு எடுக்கும் லின் பக்கத்தில் முதல் வரியே, 'ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதீர்கள், மீன் பிடிக்கப் போயிருப்பார்.' பள்ளிச் சீருடை தைக்கிற அம்மாவுக்கு, 'சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தள்ளித்தான் கிடைக்கும்.' அந்த அம்மா வந்து அழுதாள். அ-லுவான் அசையவில்லை. "சரி, எடுத்துடறேன். சொன்ன தேதிக்குக் குடுப்பியா?" அந்த அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, வரி இருக்கட்டும் என்று போய்விட்டாள்.

இத்தனை பேருக்குச் செய்தவளுக்குப் பாவ்சூதான் பெரிய சோதனை. பாவ்சூ என் ஓரகத்தியின் தங்கை, அ-லுவானுக்குச் சித்தி. கோயிலுக்குப் பின்சந்தில் பால்கெண்டை மீன் கஞ்சி விற்கிறாள். போன வருடம் எங்கள் கொழுந்தனார் பேரன் கல்யாணத்துக்குத் தெருவை அடைத்துக் கூடாரம் போட்டு விருந்து நடந்தது. பாட்டுப் பாட வைத்திருந்த மைக்கைப் பாவ்சூ பிடுங்கிக்கொண்டாள். "எல்லாரும் கைப்பேசிய எடுங்க! என் கடைக்கு அஞ்சு நட்சத்திரம் போடுங்க. பன்னிக்கால் வர்றதுக்குள்ள முடிக்கணும்!" பன்னிரண்டு மேசை உறவினரும் ஒரே நேரத்தில் அழுத்தினோம். நானும்தான் அழுத்தினேன். முப்பது வருடமாக மீனைத் தொடாத சைவக்காரர், என் நாத்தனார் வீட்டுக்காரர், 'மீன் அருமை' என்று எழுதினார்.

ஒரே தெருவிலிருந்து ஒரே கால்மணி நேரத்தில் நூறு பேர் புகழ்ந்தால் கைப்பேசி வரைபடக் கம்பெனிக்காரன் விடுவானா? மூன்றாம் நாள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டான். அதோடு பழைய நல்ல வார்த்தைகளும் போயின. மிஞ்சியது பதினொன்று, பெரும்பாலும் வசவு. மதிப்பு மூன்றில் வந்து நின்றது.

பாவ்சூ அக்கா மகளிடம் ஓடினாள். "எப்படியாவது தூக்கி விடுடி." அ-லுவான் என்ன செய்தாள் தெரியுமா? அந்த வசவுகளை எல்லாம் எடுத்து, சித்தியின் புதுப் பக்கத்தில் முகப்பிலேயே வரிசையாகப் போட்டாள். கீழே பதிலும் எழுதினாள். 'காலை ஒன்பது மணிக்கே மூடிவிடுகிறார்கள்.' ஆம், மீன் தீர்ந்தால் மூடுவோம். 'உட்கார இடமில்லை.' ஆம், ஏழு முக்காலிதான். 'கடைக்கார அம்மா திட்டினார்.' ஆம், கஞ்சியை ஆறவிட்டுக் கைப்பேசி பார்த்தால் திட்டுவார்.

பாவ்சூ கரண்டியோடு ஊதுவத்திக் கடை மாடிக்கே ஏறிவிட்டாள். "என் மானத்த வாங்கிட்டியேடி! வெளியாளு கூட இப்படிச் செய்யமாட்டான்!"

"சொந்தக்காரங்க குடுத்த மானத்தத்தான் மூணாம் நாளே துடைச்சுட்டானே, சித்தி."

ஆனால் ஆட்கள் வந்தார்கள். திட்டு வாங்கிப் பார்க்கவென்றே பக்கத்து ஊரிலிருந்து வந்தார்கள். வாங்கிக்கொண்டும் போனார்கள். அவர்களில் ஒன்பது பேர் நல்லபடியாக எழுதியதில் மதிப்பு மூன்று புள்ளி ஒன்பதுக்கு ஏறியது.

இந்த நேரத்தில்தான் கடலம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள் திருவிழாவுக்குக் கடை வரைபடம் அச்சடிக்கப் போவதாகச் சொன்னார்கள். மூன்று நாள் ஊர்வலத்துக்கு வருகிற வெளியூர்க் கூட்டம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சாப்பிடப் போகும். நான்கு நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள கடை மட்டும்தான் அதில் வரும். கெடு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. அதில் பேர் வராவிட்டால் கடையை மூடிவிட்டு மகளோடு போய் இருந்துவிடுவதாக அவளிடம் பாவ்சூ வாக்குக் கொடுத்துவிட்டாள். மகள் இருப்பது பதினாலாம் மாடி. அங்கே பாவ்சூ யாரைத் திட்டுவாள்?

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். இன்னும் ஒரே ஒரு ஐந்து விழுந்தால் நான்கைத் தொட்டுவிடும். அ-லுவான் கடைசி முக்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு வாலிபன், காவ்ஷியுங் பக்கத்தவன், கிண்ணத்தை வழித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தான்.

"ஏம்மா, அஞ்சு போட்டா ஒரு முட்டை உண்டுதானே? எல்லாக் கடையிலயும் குடுக்கறாங்க."

பாவ்சூவின் கரண்டி அதற்குள் முட்டைச் சட்டிக்குள் போய்விட்டது.

"இரு தம்பி" என்றாள் அ-லுவான். "முட்டைய விடு. நெசமா உனக்கு எத்தன தோணுது?"

அவன் தலையைச் சொறிந்தான். "மீனு சூப்பர்க்கா. கஞ்சிதான் ஆறிப்போச்சு."

"ஆறிப்போச்சா? என் கஞ்சியா?" என்று பாவ்சூ சீறினாள்.

"நீங்க என்னைத் திட்டிட்டிருந்தீங்கல்ல, அப்பத்தான் ஆறிப்போச்சு. நாலு குடுக்கலாம்க்கா."

"அட, அஞ்சே போடுப்பா" என்று பாவ்சூ கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. "லுவான், நீ சும்மா இரு. மணியப் பாருடி."

"பாத்துட்டேன். இன்னும் அரை மணி இருக்கு. நீ போய்க் கஞ்சியச் சூடு பண்ணு, சித்தி."

வாலிபன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பாவம் பார்த்தோ முட்டைக்கு ஆசைப்பட்டோ அவன் விரல் கடைசி நட்சத்திரத்துக்கு மேல் போய் நின்றது. அ-லுவான் எட்டி அந்த விரலைப் பிடித்தாள். ஒரு நட்சத்திரம் இடப்பக்கம் தள்ளி, அழுத்தினாள்.