அரை டம்ளர் வெள்ளம்

மூத்தவளே, இளையவனே, இதை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் எழுதினால் ஒரே மூச்சில் வாசித்துவிடுவீர்கள் என்று தெரியும். ஆனால் எனக்கு நடந்தது தமிழில் நடந்தது. எழுத்துக்கூட்டியாவது படியுங்கள்.

மூத்தவளே, நர்சிங்கில் இடம் கிடைத்த பிறகும் ஏன் ஒரு வருஷம் வீட்டில் இருந்தாய் என்று யாராவது கேட்டால், "அப்பாவுக்கு அப்போ கையில் காசில்லை" என்று சொல்கிறாய். அது பாதி உண்மை. உன் முதல் தவணைக்கு வைத்திருந்த பணம் அப்பாவிடம் முழுசாக இருந்தது. அது ஒரு ஹெட்லைட்டுக்குப் போனது. இனி யார் கேட்டாலும் அப்படியே சொல்.

நம் டாக்சிக்கு அந்தத் திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபிட்னஸ் காட்ட வேண்டியிருந்தது. அதில் தேறாவிட்டால் வண்டி ரோட்டில் இறங்க முடியாது. வண்டி இறங்காவிட்டால் திருப்பூணித்துறை ஆபீஸ் ட்ரிப் வேறு ஆளுக்குப் போய்விடும், பிறகு திரும்பி வராது. அதற்குப் பத்து நாள் முன்பிருந்தே ஓயாத மழை. புதன்கிழமை காலையில் பார்க்கிறேன், வலது ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் ததும்புகிறது. அரை டம்ளர் இருக்கும். சுவிட்சைப் போட்டால் எரியவில்லை.

முன்பு நான் ஓட்டிய வண்டியில் லைட் போனால் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில் ஒரு பல்பு வாங்கி, வாங்கிவைத்த சாயா ஆறுவதற்குள் மாட்டிவிடுவேன். இந்த வண்டியில் அது போதாது. கண்ணாடி, பகலில் எரிகிற வெள்ளைக் கோடு, அதற்கு உள்ளே ஒரு சர்க்யூட், எல்லாம் ஒரே உடம்பு; பின்னால் ஒரு பல்பு மட்டும் தனியாகக் கழலும். தண்ணீர் போய் சர்க்யூட் செத்தால் மொத்தமும் மாற்ற வேண்டும். இருந்தாலும் கொச்சங்காடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் இக்காவிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணாச்சி, இத ஊரிக் கழட்டித் தரேன். வேற ஒண்ணு மாட்டவும் செய்யலாம். பட்சே வண்டி அத சம்மதிக்காது. இது நம்ம ஆளுதான்னு கம்ப்யூட்டர்ல பறஞ்சு கொடுக்கணும். லைட்டுக்கும் இப்போ ரேஷன் கார்டு வேணும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பயமும் இல்லை. வண்டி வாங்கும்போதே தனியாகப் பணம் கட்டி நீட்டிய வாரண்டி வாங்கியிருந்தேன். அதனால் பைபாஸ் ரோட்டில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வண்டியைப் பார்த்து எழுதிக்கொள்ளும் ஆள் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். என் மலையாளத்தின் இழுப்பை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

"தமிழா? நான் கோயம்புத்தூர்ல ரெண்டு கொல்லம் வேல பாத்ததாக்கும். என்னோட தமிழ்லயே பேசலாம் சேட்டா."

எனக்கு அது பிடித்திருந்தது. அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது. வாரண்டிக்காரர்களுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். மலையாளமா தமிழா என்று கேட்டது. நானே கை நீட்டித் தமிழுக்கான எண்ணை அமுக்கினேன். மெட்ராஸ் பக்கத்து ஒரு பெண் பேசினாள். நல்ல மரியாதையான குரல்.

"சொல்லுங்க சார், வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஹெட்லைட்டில வெள்ளம் கேறிட்டு மேடம்."

"வெள்ளமா? எப்போ சார்?"

"போன வாரம். நல்ல மழையில்லா, அப்பதான் கேறுச்சு."

"லைட் வரைக்கும் வெள்ளம் ஏறிச்சு. அப்படித்தானே சார்?"

"ஆமா மேடம், லைட்டிலதான்."

"இன்ஜினுக்குள்ள போச்சா?"

"ஏய், இல்ல. அவ்வளவு வெள்ளம் இல்ல."

பிள்ளைகளே, உங்களுக்கு இதில் தப்பு என்னவென்று தெரியாது. நம் வீட்டில் குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம். எல்லையோரத்து எங்கள் ஊர்த் தமிழிலும் தண்ணீர் வெள்ளம்தான்; என் அம்மா அப்படிச் சொல்லித்தான் எனக்குச் சோறு போட்டாள். ஆனால் அந்தப் பெண்ணின் தமிழில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போகிற வெள்ளம். வண்டி ஹெட்லைட் உயரத்துக்கு முங்கிவிட்டது என்று எழுதிக்கொண்டாள். வெள்ளத்தில் மாட்டிய வண்டிக்கு வாரண்டி கிடையாது.

அந்த வெள்ளைச் சட்டைக்கு அது தெரியும். கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் இருந்தவன், வெள்ளத்துக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாமலா இருப்பான்? நான் பேசும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒரு தாளை நீட்டினான். இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. திங்கட்கிழமை தலைக்கு மேல் நின்றதால் கையெழுத்துப் போட்டேன். மறுநாள்தான் சொன்னார்கள், வாரண்டி இல்லை, முழு லைட்டுக்கும் நானே கட்ட வேண்டும் என்று. கட்டினேன். மூத்தவளே, அன்று சாயங்காலம் நீ கல்லூரிக்குக் கொண்டுபோகப் பெட்டி துடைத்துக்கொண்டிருந்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

சாவியைத் தரும்போது அவன் சொன்னான்: "கம்பெனியிலேருந்து கால் வரும் சேட்டா. பத்துக்கு எத்தனைன்னு கேப்பாங்க. பத்துன்னு சொல்லணும், ஒம்பதுன்னா எங்களுக்குப் பூஜ்ஜியம் மாதிரி." ஒரு சின்ன சென்ட் பாட்டிலையும் டேஷ்போர்டில் வைத்தான்.

ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வார்கள், பழைய பார்ட்டை வாங்காமல் வராதே என்று. வாங்கி வந்திருந்தேன். புது லைட் வந்த அட்டைப்பெட்டியிலேயே பழையதைப் போட்டு டிக்கியில் வைத்திருந்தார்கள். ஃபிட்னஸ் முடிந்து அந்தப் பெட்டியைத் தூக்கினேன். அடியில் என்னவோ உருண்டது. உள்ளங்கை அளவு ஒரு ரப்பர் மூடி. லைட்டுக்குப் பின்னால் பல்பு மாற்றுகிற ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. முந்தின சர்வீஸில் அந்தப் பல்பை மாற்றினவர்கள் அவர்கள்தான். வேறு யாரும் அங்கே கை வைத்ததில்லை. மூடியைச் சரியாக அமுக்காமல் விட்டிருக்கிறார்கள், அது கழன்று பம்பருக்கு மேல் கிடந்திருக்கிறது, லைட்டைக் கழற்றிய மெக்கானிக் குப்பை என்று நினைத்து அதையும் பெட்டியில் போட்டிருக்கிறான். மழை அந்த ஓட்டை வழியாகத்தான் போனது.

மூடியை எடுத்துக்கொண்டு போய் அவன் மேஜையில் வைத்தேன். அவன் அதைத் தொடக்கூட இல்லை.

"நீங்களே வெள்ளம்னு சொல்லித் தாளில ஒப்பு போட்டிருக்கீங்களே சேட்டா. இனி நான் எந்து செய்யும்?"

மூன்றாம் நாள் போன் வந்தது. பத்துக்கு எத்தனை என்று ஒரு பையன் கேட்டான். "பூஜ்ஜியம்" என்றேன். காரணம் கேட்டான். "எழுதிக்கோ தம்பி" என்று மெதுவாகச் சொன்னேன், பள்ளிக்கூடத்தில் டிக்டேஷன் சொல்வது போல. ரப்பர் மூடி, முந்தின சர்வீஸ், வாரண்டிப் போன், பக்கத்தில் நின்று கேட்டும் வாயைத் திறக்காத ஆள். "முழுசா எழுதினியா? வாசி" என்றேன். வாசித்தான். ஒரு இடத்தில் வெள்ளம் என்று எழுதியிருந்தான். தண்ணீர் என்று மாற்றச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளைச் சட்டை நம் சந்துக்குள் வந்தான். சட்டை வியர்வையில் நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. உங்கள் அம்மா உங்களை உள்ளே அனுப்பிவிட்டாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"சேட்டா, மார்க்கு மாத்திச் சொல்லணும். என்னோட இன்சென்டிவ் முழுக்கப் போயி. மேனேஜர் நிக்கவெச்சுக் கேக்கறாரு."

"லைட்டுக்குப் பணத்தத் திருப்பித் தா, மாத்தறேன்."

"அது என்னால பற்றில்ல. எங்களுக்கு டார்கெட் உண்டு சேட்டா. மாசத்துல இத்தன பார்ட்ஸ் போகணும். பழசு ரிப்பேர் பண்ணா ஒண்ணும் கணக்கில வராது. எனக்கும் பிள்ளைங்க உண்டு."

"எனக்கும் உண்டு. ஒருத்தி உள்ள இருக்கா. அவ படிப்ப நீ மாட்டிவிட்டிருக்க, என் வண்டியோட வலது பக்கம்."

அவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். வெயில் சுட்டது. பிறகு தொண்டையைத் தடவிக்கொண்டு, "கொறச்சு வெள்ளம் தருமோ சேட்டா?" என்றான்.

அம்மா அதற்கு முன்பே ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து வந்திருந்தாள். நான் கண்ணால் அவளை நிறுத்தினேன். டம்ளரை ஜன்னல் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"வெள்ளமா?" என்றேன். "இந்தப் பக்கம் வெள்ளம் ஒண்ணும் வரலியே. வேணும்னா மெட்ராஸுக்குப் போன் போட்டுக் கேளு."

அவனுக்குப் புரிந்தது. முகம் மாறியதை நான் பார்த்தேன். இறங்கி நடந்தான். சந்து திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருதரம்கூடத் திரும்பவில்லை.

தாகம் என்று கேட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்காதது பாவம் என்று அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அவள் சொல்வது சரியாக இருக்கலாம். நீங்கள் என்னைப் போல் செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. ஆனால் நான் வருந்துகிறேன் என்று பொய் எழுதவும் என்னால் முடியாது. இன்று வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவன் போன பிறகு நீங்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தீர்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பின்பக்கம் போனேன். மொட்டை வெயிலில் காயவைத்திருந்த பழைய ஹெட்லைட்டை மடியில் கவிழ்த்து, ரப்பர் மூடியை ஓட்டையில் வைத்துக் கட்டை விரலால் சுற்றிலும் அமுக்கினேன். ஜன்னல் படியில் இருந்த டம்ளரை எடுத்தேன். அவனுக்கு வந்த தண்ணீர் முழுவதையும் அந்த மூடியின் மேல் மெல்ல மெல்ல ஊற்றினேன். என் வேட்டியெல்லாம் நனைந்தது. துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்து, மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. காய்ந்திருந்தது.