பதர் பக்கம் நிற்பவள்

நெல் விழும் பக்கம் அங்கம்மா நிற்பதே இல்லை. பதர் பறக்கும் பக்கம்தான் அவள் இடம். முக்காட்டைப் புருவம்வரை இழுத்துவிட்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பறந்து வருவதில் ஒரு கை அள்ளி ஊதிப் பார்க்கிறாள். உள்ளங்கையில் முற்றிய மணி இரண்டு தங்கிவிடுகிறது.

"அண்ணே, காத்து ஜாஸ்தி. நல்ல நெல்லையும் சேத்துத் தள்ளுது. மெதுவாச் சுத்துங்க."

கைப்பிடியைச் சுற்றும் தங்கராஜு முணுமுணுத்தபடியே வேகத்தைக் குறைக்கிறான்.

மலாயாவில் ரெங்கம் ஊருக்கு அப்பால் உள்ள இந்த ரப்பர் தோட்டத்தில் நெல் விளைந்தது யுத்தத்தின் புண்ணியம். ரங்கூன் அரிசி வரத்துக் குறைந்து, கூலிகள் குடியிருக்கும் லயங்களில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்றானபின், இளம் ரப்பர் கன்றுகளுக்கு நடுவே மேட்டு நெல் விதைக்கச் சொன்னார் துரை. தூற்றுவதற்குச் சீனத் தச்சன் ஒருவனிடம் மரப்பெட்டியும் வாங்கினார். மேலே நெல் கொட்டும் வாய், உள்ளே விசிறி, வெளியே கைப்பிடி. தோட்டத்தில் அதற்குப் பெயர் காத்துப்பெட்டி.

சுற்றுவதற்கு யாராலும் முடியும். அடக்கத் தெரிந்தவள் அங்கம்மா மட்டும். காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு வந்ததும் ஒரு மணியைக் கடித்துப் பார்க்கிறாள். ஈரம் என்றால் நெல் இறங்கும் கதவுப் பலகையைத் தாழ்த்துவாள். நன்றாகக் காய்ந்திருந்தால் காற்றைக் குறைப்பாள். பலகை நழுவாதிருக்க இடுக்கில் ஒட்டுப்பாலைத் திணிக்கிறாள். மரத்தில் வழிந்து காய்ந்த பால்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கண்ணில் பட்டால் திருட்டு. கடிக்க வாய் வேண்டுமே என்று வேலை முடியும்வரை வெற்றிலை போடுவதில்லை. அந்தக் கடுப்பெல்லாம் தங்கராஜுவின் தலையில் விடிகிறது.

தூற்றுவதை வேடிக்கை பார்க்க நான் போயிருந்த அன்று கிராணி வந்தார். நெல் குவியலில் கிடந்த நாலைந்து பதர் அவர் கண்ணை உறுத்திவிட்டது.

"துரை வர்ற நேரம். நெல்லு பொன்னாட்டம் இருக்க வேணாமா? வேகமாச் சுத்துடா!"

"சுத்தலாங்கய்யா. பின்னால நெல்லும் போயிரும்" என்றாள் அங்கம்மா.

"போனா என்ன? பதரோட பதரா கெடக்கட்டும்."

பதர் போய்ச் சேரும் இடம் தோட்டத்துக்கே தெரியும். கிராணி வீட்டுக் கோழிக்கூண்டு. இந்தப் பஞ்சத்திலும் நடக்கமாட்டாமல் கொழுத்துக் கிடக்கின்றன அவர் கோழிகள். லயத்துக்கோ, நெல் குவியலில் அளந்து சனிக்கிழமை கொடுப்பதுதான் சோறு. அங்கம்மா வீட்டில் ஐந்து வாய். எனக்கே எரிச்சலாக வந்தது. ஆனால் கிராணியை எதிர்த்தவர்களுக்கு மறுநாள் வேலை இருப்பதில்லை.

தங்கராஜு பயந்துபோய் வேகமாகச் சுற்றினான். நெல் பளபளவென்று விழுந்தது. துரை வந்தார், ஒரு பிடி அள்ளினார், "பாகுஸ்" என்று மலாயில் மெச்சிவிட்டுக் குதிரையேறினார். கிராணிக்கு வாயெல்லாம் பல். அவருடைய ஆள் கூடையோடு வந்து பதரை அள்ளக் குனிந்தான்.

அங்கம்மா முறத்தை எடுத்துக்கொண்டு நேரே போய், அந்தப் பதர்க் குவியலின் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து, புடைக்கத் தொடங்கினாள்.